ஈய எழுத்து கற்பித்த பாடம்: மெய்ப்புப் பார்க்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மெய்ப்பை, அதாவது அச்சிடும் முன் பிழை பார்ப்பதற்காக எடுக்கும் படியைத் திருத்தும் பணிக்குப் புதிதாக வருபவர்களில் பலர், பிழைகள் காரணமின்றி ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் என்றும், பொறுமையாகப் படித்துக்கொண்டே போனால் அவை தாமாகக் கண்ணில் தட்டுப்படும் என்றும் நம்புகிறார்கள். அச்சுத் தொழிலின் வரலாற்றைச் சிறிது அறிந்தவர்கள் அப்படி நம்புவதில்லை. ஒவ்வொரு பிழைக்கும் அது நுழைந்த வழி ஒன்று உண்டு. எழுத்துப் பெட்டியில் ஓர் எழுத்து இடம் மாறிக் கிடந்ததால் வரும் பிழை ஒரு வகை. மூலப்படியில் கண் ஒரு வரியைத் தாண்டிப் போனதால் வரும் பிழை வேறு வகை. திருத்தம் செய்யும்போதே புதிதாகப் பிறக்கும் பிழை இன்னொரு வகை. வழியை அறிந்தவர், எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்பதையும் அறிவார். எனவே அந்த வழிகளை முதலில் பார்த்துவிட்டு, இன்று கணினியில் கோக்கப்படும் தமிழ்ப் பக்கங்களை எந்த வரிசையில் பார்த்துத் திருத்துவது என்பதற்குச் செல்வோம்.

பழைய அச்சகத்தில் பிழை பிறந்த விதம்

ஐரோப்பாவில் தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறை, செருமனியின் மைன்ஸ் நகரில் 1450-களில் நிலைபெற்றது. அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1457-இல், அதே நகரில் ஃபுஸ்ட், ஷோஃபர் ஆகிய இருவரும் மிகுந்த அழகுடன் விவிலியத்தின் சங்கீதப் பாடல்கள் அடங்கிய ஒரு நூலை அச்சிட்டார்கள். அச்சிட்டவர் பெயரையும் நாளையும் நூலின் இறுதியில் தெரிவித்த முதல் நூல்களுள் அதுவும் ஒன்று. அந்தப் பெருமைக்குரிய இறுதிக் குறிப்பில், ‘சால்மோரும்’ (psalmorum) என்று இருக்க வேண்டிய இலத்தீன் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளும் இடம் மாறி, ‘ஸ்பால்மோரும்’ (spalmorum) என்று அச்சாகிவிட்டன. பிழை உள்ளே எங்கோ ஒரு மூலையில் நேரவில்லை. எல்லோரும் பார்க்கும் இடத்தில், ஆனால் திருத்துபவர் களைத்துப்போய்ப் பணி முடிந்துவிட்டது என்று எண்ணும் இடத்தில் நேர்ந்தது. தலைப்புகளும் இறுதிக் குறிப்புகளும் இன்றும் இப்படித்தான் தப்பிவிடுகின்றன.

கைக்கோப்பு முறையில் அச்சுக்கோப்பவர், அதாவது கம்பாசிட்டர், பல அறைகள் கொண்ட மரப்பெட்டியின் முன் நின்று, மூலப்படியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, இடக்கையில் பிடித்திருக்கும் ஸ்டிக் என்னும் சிறு தட்டில் அடுக்குவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திரும்பியிருக்கும். வரியும் தலைகீழாகவே அவர் கண்ணுக்குத் தெரியும். எழுத்தின் தண்டில் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தை விரலால் உணர்ந்து, எது மேல், எது கீழ் என்று அவர் அறிந்துகொள்வார். அந்தப் பள்ளத்தை விரல் தவறவிட்டால் எழுத்து தலைகீழாக நிற்கும். அச்சிட்டு முடித்த பிறகு எழுத்துகளைக் கலைத்து மீண்டும் பெட்டியின் அறைகளில் போடுவார்கள். அப்போது ஓர் எழுத்து தவறான அறையில் விழுந்துவிட்டால், அடுத்த முறை கோப்பவரின் கை சரியான அறைக்குச் சென்றாலும் தவறான எழுத்தையே எடுத்துவரும். அந்தப் பிழைக்குக் கோத்தவரின் அறியாமை காரணமன்று என்பதைத் திருத்துபவர் உணர வேண்டும். தேய்ந்த எழுத்து, வேறு அளவுடைய எழுத்து, இறுக்கிக் கட்டும்போது வரியின் ஓரத்திலிருந்து நழுவிய எழுத்து ஆகியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

தமிழுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதற்கு முன்னும் பின்னும் நெடுங்காலம் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் வரிவடிவில் காட்டப்படவில்லை. ஆகாரக் காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன. ஏட்டைப் பார்த்து அச்சுக்கோத்தவர் ஒவ்வொரு சொல்லிலும் எது புள்ளி பெறும், எது கால், எது ரகரம் என்று தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு காலத்தில் அச்சகம் அமைந்தபோது, செருமனியின் ஆலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் பெரியனவாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பிறகு அங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. எழுத்து சிறிதாகச் சிறிதாகத் தாள் மிச்சமாகும்; சுழியும் புள்ளியும் கண்ணுக்குத் தப்புவதும் கூடும்.

பழைய அச்சகங்களில் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஈய எழுத்துகளின் கையிருப்பு குறைவு. சில பக்கங்களைக் கோத்தவுடனே எழுத்துகள் தீர்ந்துவிடும். அவற்றை அச்சிட்டுக் கலைத்தால்தான் அடுத்த பக்கங்களைக் கோக்க முடியும். ஆகையால் மெய்ப்பு விரைவாகத் திரும்பி வர வேண்டும் என்ற அவசரம் எப்போதும் இருந்தது. மெய்ப்பு வரும் வரை இயந்திரத்தை நிறுத்திவைக்க விரும்பாத அச்சகங்கள் அச்சிடத் தொடங்கிவிட்டு, திருத்தம் வந்ததும் நடுவில் நிறுத்தி எழுத்தை மாற்றி, மீண்டும் ஓட்டின. முன்பே அச்சான தாள்களை யாரும் வீசிவிடவில்லை. தாள் விலை உயர்ந்தது. 1623-இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் பல படிகளைச் சார்ல்டன் ஹின்மன் என்னும் ஆய்வாளர் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு 1963-இல் வெளியிட்ட ஆய்வு, திருத்திய தாளும் திருத்தாத தாளும் ஒரே பதிப்பின் படிகளில் கலந்து கிடப்பதை விரிவாகக் காட்டியது.

ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1631-இல் இலண்டனில் அரசரின் அச்சகத்தார் வெளியிட்ட விவிலியம் என்றும் நினைக்கப்படுகிறது. பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் எதிர்மறைச் சொல் விடுபட்டு, விபசாரம் செய்வாயாக என்று பொருள்படும்படி அது அச்சானது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினைக்குள்ளேயே அமைவதால், இதே விபத்து நேர ஒரு முழுச்சொல் விடுபட வேண்டியதில்லை; ஓர் எழுத்தே போதும். ‘அறியா’ என்பது ‘அறிய’ என்றோ, ‘உண்ணா’ என்பது ‘உண்ண’ என்றோ மாறிவிட்டால் வாக்கியம் திசைமாறும்.

முதற்படி: அமர்வதற்கு முன்

மூலப்படி இல்லாமல் மெய்ப்புப் பார்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். மூலப்படி இல்லாதபோது பொருள் பிசகாமல் விடுபட்ட வரியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வாக்கியம் சரியாகத்தான் இருக்கும், ஆசிரியர் சொன்ன ஒரு செய்தி மட்டும் காணாமல் போயிருக்கும். மெய்ப்புத் திருத்துநருக்கென்றே எழுதப்பட்ட முதல் கையேடாகக் கருதப்படும் ஹோர்ன்ஷூக்கின் நூல் 1608-இல் லைப்சிக் நகரில் வெளிவந்தது. திருத்துபவருக்கு அறிவுரை கூறுவதோடு, நூலைத் தருபவருக்கும் எச்சரிக்கை செய்வதாக அதன் தலைப்பே அறிவிக்கிறது. நானூறு ஆண்டுகள் கடந்தும் அந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது என்பதை இத்துறையில் இருப்பவர்கள் மறுக்கமாட்டார்கள்.

அடுத்து, எழுத்துமுறைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். கறுப்பு, கருப்பு, பவளம், பவழம், கோயில், கோவில், எழுத்துகள், எழுத்துக்கள் என இருவகையாகவும் வழங்கும் சொற்களில் இந்த நூல் எதைப் பின்பற்றுகிறது என்பதை ஆசிரியரிடமோ பதிப்பாசிரியரிடமோ கேட்டு எழுதி வைக்க வேண்டும். ‘1952-இல்’ என்பதா, ‘1952இல்’ என்பதா, ‘1952ல்’ என்பதா என்பதும் இதில் சேரும். ஆட்பெயர்களுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குவது நல்லது. திருத்துபவர் தமக்குப் பிடித்த வடிவத்தை நூல் முழுவதும் திணிப்பது திருத்தமாகாது. அது குறுக்கீடு, அதனால் ஏற்படும் மனக்கசப்பு பிழையைவிட நெடுநாள் நிற்கும்.

இரண்டாம் படி: மூலத்தோடு ஒப்பிடுதல்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பதினாறாம் நூற்றாண்டில் பிளான்டின் நடத்திய புகழ்பெற்ற அச்சகத்தில் திருத்துநர்களுக்கென்று தனி அறை இருந்தது. இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அந்தக் கட்டடத்தில் அவ்வறையை இப்போதும் காணலாம். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பைப் பார்த்துக்கொண்டே வருவது அந்தக் கால அச்சகங்களில் பரவலாக இருந்த வழக்கம். விடுபட்ட சொற்களையும் இருமுறை வந்த சொற்களையும் பிடிக்க இதைவிடச் சிறந்த முறை இன்றும் இல்லை.

ஆனால் தமிழில் இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. நகரமும் னகரமும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். ரகர றகரமும் லகர ளகர ழகரமும் பலருடைய உச்சரிப்பில் கலந்துவிடும். ஆகவே படிப்பவர் ஐயம் தரும் இடங்களில் ‘சின்ன ர’, ‘பெரிய ற’, ‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’ என்று சொல்லிக் காட்ட வேண்டும். ஒற்று, காற்புள்ளி, மேற்கோள்குறி, பத்தி முறிவு ஆகியவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதலில் இது செயற்கையாகத் தோன்றும். சில பக்கங்களுக்குள் பழகிவிடும்.

தனியாகப் பணிபுரிபவர் மூலப்படியின்மீதும் மெய்ப்பின்மீதும் ஒவ்வோர் அட்டையை வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திச் செல்லலாம். குறிப்பாக, மூலத்தில் அடுத்தடுத்த இரண்டு வரிகளோ இரண்டு வாக்கியங்களோ ஒரே சொல்லில் முடியும் இடங்களில் நின்று நிதானித்துப் பாருங்கள். கோப்பவரின் கண் முதல் சொல்லை விட்டு இரண்டாம் சொல்லில் போய் அமர்ந்துவிடும். இடையிலுள்ள பகுதி முழுவதும் விடுபடும். ‘என்றார்’, ‘ஆகும்’, ‘உள்ளது’ போன்ற முடிவுகள் திரும்பத் திரும்ப வரும் தமிழ் உரைநடையில் இது அடிக்கடி நிகழ்கிறது. இதன் மறுபக்கமாக, வரியின் கடைசிச் சொல்லே அடுத்த வரியின் முதற்சொல்லாகவும் வந்து நிற்பதும் உண்டு.

மூன்றாம் படி: பொருளை மறந்து எழுத்தைப் பார்த்தல்

ஒப்பிட்டு முடித்த பிறகு மூலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மெய்ப்பை மட்டும் பார்க்க வேண்டும். இம்முறை பொருளைப் பின்தொடரக் கூடாது. பழகிய வாசகரின் கண் சொல்லின் முழு உருவத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அங்கே இல்லாத எழுத்தையும் மனம் நிரப்பிக்கொள்கிறது. கதை சுவையாக இருந்தால் இன்னும் ஆபத்து. கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கிப் பத்திபத்தியாகப் பார்ப்பது இதற்கு உதவும்.

ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் ஆகியவை தமிழ் அச்சில் தனித்தனித் துண்டுகளாகவே இருந்து வந்தன. ‘சோறு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கால் விழுந்துவிட்டால் அது ‘சேறு’. கொம்பு விழுந்துவிட்டால் அது ‘சாறு’. மூன்றும் அகராதியில் உள்ள சொற்கள். ‘கொடு’ என்பது காலை இழந்தால் ‘கெடு’ ஆகும். ‘பொறு’ என்பது ‘பெறு’ ஆகும். இரட்டைக் கொம்பு ஒற்றையானால் ‘கோடி’ என்பது ‘கொடி’ ஆகும். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருள் இவற்றில் எதற்கும் சிவப்புக் கோடு போடாது. மனம்–மணம், கரை–கறை, பரவை–பறவை, வலி–வளி–வழி ஆகிய இணைகளும் அப்படியே. மென்பொருளைப் பயன்படுத்துவது தவறன்று, அது முதல் வடிகட்டியாக இருக்கலாம்; அது பச்சைக்கொடி காட்டியதால் பக்கம் தூய்மையாகிவிட்டது என்று எண்ணுவதே தவறு.

கணினி தனக்கே உரிய பிழைகளையும் கொண்டுவந்திருக்கிறது. ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று எழுதினால் பார்வைக்கு வேறுபாடு தெரியாது; ஆனால் தேடும்போது ஔவையார் அகப்படமாட்டார். ரகர மெய்க்குப் பதிலாக ஆகாரக் காலின்மேல் புள்ளி வைத்துத் தட்டுவதும் இதே வகை. ஏட்டுக் காலத்தில் காலும் ரகரமும் ஒன்றாக இருந்த பழைய குழப்பம், கணினியில் வேறு வழியாக மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் கொம்பு தன் எழுத்தைவிட்டு அடுத்த எழுத்தில் ஒட்டிக்கொள்வதைக் காணலாம். அத்தகைய கோப்பில் ஒரு பிழை தென்பட்டால் அதே எழுத்துச் சேர்க்கை வரும் எல்லா இடங்களையும் தேடிப் பார்த்துவிடுங்கள். இயந்திரம் செய்யும் பிழை ஓரிடத்தோடு நிற்பதில்லை.

நான்காம் படி: ஒற்றும் இடைவெளியும்

வல்லினம் மிகும் இடங்களுக்கென்று தனியாக ஒரு முறை பார்க்க வேண்டும். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. இலக்கண விதிகளை முழுதும் கற்ற பிறகுதான் இந்தப் பணிக்கு வர வேண்டும் என்பதில்லை. இரண்டாம் வேற்றுமை ‘ஐ’, நான்காம் வேற்றுமை ‘கு’ ஆகியவற்றின் பின்னும், ‘அந்த, இந்த, எந்த’ ஆகியவற்றின் பின்னும், அகரத்திலும் இகரத்திலும் முடியும் வினையெச்சங்களின் பின்னும் வல்லினம் மிகும். பெயரெச்சத்தின் பின்னும் எழுவாயின் பின்னும் மிகாது. தொடக்கத்தில் இவ்வளவும் கைவசம் இருந்தாலே பெரும்பகுதி சீராகிவிடும். பெயரெச்சத்திலும் ஈறுகெட்ட எதிர்மறை மட்டும் விலக்கு: ‘அழியாப் புகழ்’ என்பதில் ஒற்று மிகும், ‘அழியாத புகழ்’ என்பதில் மிகாது.

இடைவெளிப் பிழை பெரும்பாலும் வரி முறியும் இடத்தில்தான் பிறக்கிறது. பக்க வடிவமைப்பு மாறும்போது, முன்பு வரிக்கடைசியில் சொல்லைப் பிரிக்க இட்ட சிறுகோடு வரியின் நடுவில் வந்து நின்றுவிடும். மெய்யெழுத்து ஒரு வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது என்பது தமிழ் அச்சுக்கோப்பில் நெடுங்காலமாகப் போற்றப்படும் முறை. மென்பொருள்கள் இதை எப்போதும் மதிப்பதில்லை.

ஐந்தாம் படி: குறியிடுதல்

திருத்தக் குறிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 5776 என்ற பன்னாட்டுத் தரம் இருக்கிறது. ஆனால் அச்சகத்துக்கு அச்சகம் பழக்கம் வேறுபடும். எந்தக் குறியைப் பயன்படுத்தினாலும், பிழை உள்ள இடத்தில் ஓர் அடையாளமும் அதற்கு நேரே ஓரத்தில் திருத்தமும் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. ஒரே வரியில் பல திருத்தங்கள் இருந்தால், அவை வரியில் வரும் அதே வரிசையில் ஓரத்திலும் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு நிற்க வேண்டும். வரிகளுக்கிடையே நுணுக்கி எழுதிய திருத்தம் கண்டுகொள்ளப்படாமலே போய்விடும். அடித்துவிட்டு, பிறகு ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்று முடிவு செய்தால், அந்தச் சொல்லின் கீழ்ப் புள்ளிகளிட்டு ஓரத்தில் அதைத் தெளிவாக எழுதுங்கள். ஆசிரியரிடம் கேட்க வேண்டியதைக் கேள்விக்குறியோடு வேறு வண்ணத்தில் எழுதுங்கள்; கோப்பவர் அந்தக் கேள்வியையே நூலுக்குள் சேர்த்து அச்சிட்டுவிட்ட கதைகள் இத்துறையில் ஏராளம்.

ஆறாம் படி: திருத்தத்தைத் திருத்துதல்

புதியவர்கள் மிகவும் அலட்சியம் செய்வது இந்தப் படியைத்தான். ஈய எழுத்தில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமானால் கட்டிய வரியைத் தளர்த்த வேண்டும். அப்போது பக்கத்து எழுத்தும் விழும். 1886 முதல் பயன்பாட்டுக்கு வந்த லைனோடைப் இயந்திரம் ஒரு வரியை முழுத்துண்டாக வார்த்ததால், ஒரு புள்ளியை மாற்றவும் முழு வரியையும் மறுபடி கோக்க நேர்ந்தது. சரியாக இருந்த சொல்லில் புதிய பிழை நுழையவும், புதிய வரி தவறான இடத்தில் செருகப்படவும் அது வழி செய்தது. கணினியில் ஒரு சொல் நீண்டால் பத்தி முழுவதும் நகர்கிறது. பத்தி நகர்ந்தால் பக்கம் நகர்கிறது. பொருளடக்கத்திலுள்ள பக்க எண்கள் பொய்யாகின்றன. ஆகவே இரண்டாம் மெய்ப்பில், முதல் மெய்ப்பிலுள்ள ஒவ்வொரு குறியும் நிறைவேறியதா என்று பார்ப்பதோடு, திருத்தம் செய்யப்பட்ட வரியையும் அதற்கு முன்பின் வரிகளையும் முழுமையாகப் படிக்க வேண்டும். பத்தியின் இறுதி வரை வரிமுறிவுகளையும் பார்க்க வேண்டும்.

ஒரே கட்டளையில் நூல் முழுவதும் சொல்லை மாற்றும் வசதியைத் தேவையின்றித் தொடாதீர்கள். ‘கரை’ என்பதையெல்லாம் ‘கறை’ என்று மாற்றச் சொன்னால் ‘சர்க்கரை’யும் சேர்ந்து கெடும். மாற்ற வேண்டியிருந்தால் ஒவ்வோர் இடமாக நின்று ஒப்புதல் கொடுங்கள். மெய்ப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணும் தேதியும் இட்டுப் பழையதைத் தனியே வைத்துவிடுங்கள்; திருத்திய கோப்பும் திருத்தாத கோப்பும் கலந்துபோவது, ஹின்மன் காட்டிய கலப்படத்தின் இன்றைய வடிவம்.

ஏழாம் படி: அச்சுக்குப் போகும் முன்

இப்போது உரையைப் படிக்க வேண்டாம். தலைப்புகள், பக்கத் தலைப்புகள், பக்க எண்கள், படவிளக்கங்கள், அடிக்குறிப்பு எண்கள், மேலட்டை, முதுகு, உரிமைப் பக்கம் ஆகியவற்றை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிச் சொல்லும் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லோடு தொடர்கிறதா என்றும் பாருங்கள். பழைய நூல்களில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை முந்தைய பக்கத்தின் அடியில் அச்சிடுவதற்கு இதுவே காரணம். பக்கங்களைத் தாளில் அடுக்கும்போதும் தாளை மடிக்கும்போதும் வரிசை பிறழ்ந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

பழைய நூலை மறுபதிப்புச் செய்யும்போது

படியெடுத்த பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் மூலம் உரையாக்கினால் வேறு சில பொறிகள் இருக்கின்றன. தமிழ் எண்களில் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்திருப்பதால், பாட்டு எண்கள் எழுத்துகளாக மாறி அடிகளுக்குள் நுழைந்துவிடும். 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவை வேறு வடிவம் கொண்டவை. மென்பொருள் அவற்றில் தடுமாறும். இவ்வெழுத்துகள் வரும் சொற்களை மட்டும் தனியே ஒரு முறை பார்ப்பது பலன் தரும். மூல நூலிலேயே உள்ள அச்சுப்பிழையைத் திருத்தினால் அதைக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும். பழைய எழுத்து வழக்கைப் பிழை என்று கருதித் திருத்தக் கூடாது. அந்நூலின் கடைசிப் பக்கங்களில் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அதிலுள்ளவற்றை உரைக்குள் சேர்த்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கத்தில் இன்னாரால் பரிசோதிக்கப்பட்டது என்று திருத்தியவரின் பெயரும் அச்சாகும். இன்று பெரும்பாலான நூல்களில் அந்தப் பெயரைக் காண முடிவதில்லை. உரிமைப் பக்கத்திலாவது அதைச் சேர்க்கும்படி கேட்பது முறையானதே. பெயர் அச்சாகும் என்று தெரிந்தால் கண்ணும் கூடுதலாகவே விழித்திருக்கும்.

அச்சான பிறகு பிழை தெரியவந்தால் பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு கட்டங்களில் அதைக் குறித்து வையுங்கள். வரியை எண்ணும்போது பக்கத் தலைப்பைச் சேர்க்கக் கூடாது; பக்கத்தின் அடிப்பகுதியில் இருந்தால் ‘கீழிருந்து 3’ என்பதைப் போல எழுதலாம். பொருளை மாற்றும் பிழைகளையே நூலோடு செருகும் தாளில் அச்சிட வேண்டும். மற்றவற்றை மறுபதிப்புக்கான கோப்பில் அன்றே திருத்தி, எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்பதையும் அந்தப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.